ஏழு பேருக்கு வெற்றிலை பாக்கு

கருங்கல்மேட்டில் மலையேறப் போகிறவர்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு போவதில்லை. அழைத்துக்கொண்டு போவார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, குங்குமம் வைத்து, ஒவ்வொரு சாமானும் இருக்கிற இடத்துக்கே நேரில் போய், "ஞாயித்துக்கெழம மலைக்குப் போறோமுங்க, நீங்க அவசியம் வந்து நடத்திக் குடுக்கோணும்" என்று சொல்ல வேண்டும். அழைக்காத கத்தி வெட்டாது. அழைக்காத கயிறு முடிச்சுக்கு நிற்காது. அதற்காக வீட்டிலுள்ள எல்லாரையும் அழைத்துவிடவும் முடியாது. கணக்கு ஏழு. எட்டாவதாக ஒன்று பையிலிருந்து எட்டிப் பார்த்தால், அடிவாரச் சோதனைச் சாவடியில் வனக்காவலர் பொம்மையன் மொத்தப் பேரையும் திருப்பி அனுப்பிவிடுவார்.

நூலகத்தில் வேலை பார்க்கும் சம்பூர்ணம் இரண்டு முறை பாதியில் திரும்பியவள். முதல் வருஷம் வேலை மும்முரத்தில் தீப்பெட்டியைப் போனிலேயே அழைத்துவிட்டாள். மூன்றாவது வளைவில் அது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. எல்லாக் குச்சியையும் உரசிப் பார்த்தாயிற்று, ஒன்றும் பற்றவில்லை. மறு வருஷம் மழைக்கோட்டுக்குத் தட்டை இடது கையால் நீட்டிவிட்டாள். மழை கொட்டியபோது கோட்டு ஒரு பொத்தானைக்கூடப் போட விடவில்லை.

மூன்றாவது முறையும் திரும்பினால் அதோடு சரி. மலை அந்த ஆளின் கண்ணுக்குத் தெரியாது. மேலத்தெரு மாரக்காளுக்கு அப்படித்தான் ஆயிற்று. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் மலை இருக்கிற பக்கம் பார்த்து, "இந்தப் பக்கம் ஒரு வூடாவது கட்டக்கூடாதா, எத்தன எடம் சும்மா கெடக்குது" என்பாள்.

சம்பூர்ணத்தால் மலையைப் பார்க்காமல் இருக்க முடியாது. கணவர் சென்னியப்பன் அவளைப் பெண் பார்த்த பிறகு, அவள் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தபோது, அவள் பார்த்தது மாப்பிள்ளையை அல்ல. அவர் தலைக்குப் பின்னால் தெரிந்த மலையைத்தான். சரி என்று சொன்னதும் மலைக்குத்தான். இது சென்னியப்பனுக்கும் தெரியும். மலையைப் பார்த்து வந்தவளாவது நம்மை விட்டுப் போகமாட்டாள் என்று அவர் நிம்மதியாக இருந்தார்.

இந்த முறை ஒரு வாரத்துக்கு முன்பே பட்டியல் போட உட்கார்ந்தார்கள். கத்தி, கயிறு, தீப்பெட்டி, தண்ணீர் பாட்டில், மருந்துப் பெட்டி என்று ஐந்து பேர் சண்டையில்லாமல் முடிந்தது. ஆறாவதாக மழைக்கோட்டு. அதற்குப் போன வருஷத்துச் சங்கடத்தை, வலது கையால் தட்டை நீட்டித் தீர்க்க வேண்டியிருந்தது. மீதி ஓரிடம். அதற்கு டார்ச்லைட்டும் விசிலும் காத்திருந்தன. நடுவில் சென்னியப்பன் முறுக்கு டப்பாவுக்குச் சிபாரிசு செய்தார்.

"ஏனுங்க, காட்டுல வழி தவறிப் போனா முறுக்கு வந்து காப்பாத்துமா?" என்றாள் சம்பூர்ணம்.

"காப்பாத்தற வரைக்கும் பசிக்குமில்ல?"

கடைசியில் டார்ச்லைட்டுக்குத்தான் இடம் போனது. டார்ச்லைட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டு, "பேட்டரிங்க ரெண்டு பேரையும் தனியாக் கூப்பிட்டீங்களா?" என்று விசாரித்தது. அடடா என்று ஓடிப்போய் அவர்களுக்கும் பூவும் குங்குமமும் கொடுத்தாள். வயிற்றுக்குள் இருப்பவர்கள் தலைக்கணக்கில் வரமாட்டார்கள் என்று பொம்மையன் முன்பே சொல்லியிருந்தார். விசிலிடம் மட்டும் போய், "தப்பா நெனச்சுக்காதீங்க, அடுத்த தடவ மொத அழைப்பு உங்களுக்குத்தான்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். விசிலுக்கு வருத்தம்தான். ஆனால் ஊதிப் பார்த்தால் ஊதியது. அதுவே பெரிய மனசு.

ஞாயிற்றுக்கிழமை காலை பொம்மையன் பையைத் திறந்து ஏழு பேரையும் எண்ணி, வணக்கம் சொல்லி, தானும் ரோந்துக்குக் கூடவே கிளம்பினார். மூன்றாவது வளைவில் தீப்பெட்டி கேட்காமலேயே ஒரு குச்சியைப் பற்றவைத்துக் காட்டியது. மழையே இல்லாதபோதும் மழைக்கோட்டு எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு தயாராக வந்தது. சம்பூர்ணம் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தாள்.

நான்காவது வளைவில் அவளுடைய முட்டிகள் நின்றுவிட்டன.

"என்ன ஆச்சு?" என்றாள் குனிந்து.

"ஒண்ணும் ஆகலீங்க" என்றது வலது முட்டி. இடது முட்டி எப்போதுமே அதிகம் பேசாது. "பேட்டரிக்குக்கூடப் பூவும் குங்குமமும் வெச்சுக் கூப்புட்டாங்கன்னு கேள்விப்பட்டோம். நாங்க நாப்பத்தாறு வருசமா கூடவே இருக்கறவங்க. எங்களைக் கூப்பிடலையே."

சம்பூர்ணத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படி மறந்தேன், எப்படி மறந்தேன் என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். சென்னியப்பன், "எம்பட முட்டிங்களுக்குத் தெனமும் தைலம் தேச்சு நல்லா இருக்கறீங்களான்னு கேப்பனே, உனக்கு அது தோணலையா?" என்றார். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"இப்பக் கூப்படறேன், வந்துருங்க" என்று முட்டிகளிடம் கும்பிட்டாள்.

"பாதி வழியிலயா? எலை போட்டதுக்கப்புறம் வீதியில போறவனைக் கூப்பட்ட மாதிரியா? அதுவுமில்லாம ஏழு பேர் ஆச்சு. நாங்க ரெண்டு பேர் சேந்தா ஒம்பது. நீங்க போயிட்டு வாங்க, நாங்க இங்கயே இருக்கறோம்."

முட்டி இல்லாமல் அவள் எங்கே போவாள்? அப்படியே ஒரு பாறையில் உட்கார்ந்தாள். மரங்களுக்கு மேலே மலை நீலமாகத் தெரிந்தது. இன்னும் எத்தனை நேரம் தெரியும் என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்துக்கொண்டாள்.

"திரும்பினாத்தானே கணக்கு?" என்றார் பொம்மையன். "உக்காந்தா கணக்கு இல்லீங்க. எந்திரிச்சு மட்டும் கீழ போயிராதீங்க." வாக்கிடாக்கியை எடுத்து மேலே தகவல் சொன்னார். "நாலாவது வளைவுல ரெண்டு பேரு கோவிச்சுட்டு உக்காந்துட்டாங்க. பெரியவங்க யாராச்சும் வந்து கூப்பட்டாத்தான் ஆகுமாட்டம் இருக்குது."

அரை மணி நேரத்தில் உச்சி இறங்கி வந்தது.

ஒரு களம் அளவுக்குப் பாறை, அதன் ஓரத்தில் சாய்ந்து நிற்கும் ஒரு நெல்லி மரம். கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. அதிகாலையில் ஏறியிருந்த பவானிக்காரர்கள் நாலு பேர் அதன் மேலேயே உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டு வந்தார்கள். உச்சி நேராகச் சம்பூர்ணத்தின் முட்டிகளுக்கு முன்னால் வந்து, வலது கையால் தட்டை நீட்டியது.

"ரெண்டு பேரும் அவசியம் வரோணும்."

"நீங்களே நேர்ல வந்துட்டீங்க, இதுக்கு மேல என்னங்க" என்றது வலது முட்டி. இடது முட்டி முதன்முறையாக, "வாரோமுங்க" என்றது. உச்சி அழைத்தவர்கள் உச்சியின் விருந்தாளிகள். சம்பூர்ணத்தின் ஏழில் சேரமாட்டார்கள். பொம்மையன் அதை ஒப்புக்கொண்டார்.

சம்பூர்ணம் எழுந்தாள். மூன்றே எட்டில் உச்சிமேல் நின்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எதை முதலில் முடிப்பது என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். பவானிக்காரர்கள் நகர்ந்து இடம் கொடுத்து, ஆளுக்கொரு கை புளிச்சோறு வைத்தார்கள். பொம்மையன் பதிவேட்டில், "சம்பூர்ணம், ஏறியாயிற்று" என்று எழுதினார். சென்னியப்பன் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார்.

சாப்பிட்டு முடித்ததும் உச்சி திரும்பிப் போகப் பார்த்து, நின்றது. அதை மேலே வரச்சொல்லி யாரும் அழைக்கவில்லை. அழைப்பில்லாமல் எப்படிப் போவது? நாள் பார்த்து மலையிலிருந்து தட்டோடு ஆள் வர வேண்டும். அடுத்த நல்ல நாள் புதன்கிழமைதான் இருந்தது.

"அதுவரைக்கும் நம்ம வூட்டுல இருங்க" என்றாள் சம்பூர்ணம். "மொட்டை மாடி காலியாத்தான் இருக்குது."

மறுநாள் காலையில் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு குடும்பம் சோதனைச் சாவடிக்கு வந்தது. கயிறு, கத்தி, கூடாரம் என்று ஏழு பேரும் முறையாக வந்திருந்தார்கள்.

"உச்சி நூலகத்துக்காரம்மா வூட்டுக்குப் போயிருக்குதுங்க" என்றார் பொம்மையன். "கீழவீதி, மூணாவது வூடு."

குடும்பத் தலைவர் முகவரியைக் குறித்துக்கொண்டார். "அங்க ஏறறதுக்கு இவுங்க எல்லாரும் வேணுங்களா?"

"வேண்டாமுங்க, படிக்கட்டுதான். ஒரு குடையைக் கூப்புட்டுட்டுப் போங்க, மாடியில வெயில் ஜாஸ்தி."