அடியில் போகும் சீட்டு

நேர்காணலுக்கு முந்தின வாரம் மட்டும் என் மகள் அரீஜுக்காக நான் ஒன்பது தடவை நோயாளி ஆனேன். காது கேட்காத கிழவி, சண்டைக்கார வாத்தியார், இருமல் மருந்தைப் போதைக்குக் குடிப்பவன் என்று வேஷத்துக்குக் குறைவில்லை. இருபத்தெட்டு வருஷம் இர்பித் ஊருக்கும் தலைநகர் அம்மானுக்கும் இடையே மினி பஸ் ஓட்டியவன் நான். உலகத்தில் எத்தனை வகை மனிதர்கள் உண்டோ அத்தனை பேரும் என் வண்டியில் ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

அரீஜ் மருந்தியல் படிக்க விண்ணப்பித்திருந்தாள். பரீட்சையில் தொண்ணூற்று நாலு. மார்க்கை மட்டும் பார்த்து அந்தக் கல்லூரியில் எடுக்க மாட்டார்களாம். மூன்று பேர் எதிரே உட்கார்ந்து கேட்பார்கள், அதில் ஒருவர் நோயாளியாக நடிப்பார். அங்கே படிக்கும் ஒரு பெண்ணிடம் கேட்டு வாங்கிய கேள்விகளை அரீஜ் நாற்பது சீட்டுகளில் எழுதி வைத்திருந்தாள். படிப்பு ஐந்து வருஷம். முடிப்பதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன், சேர்வதையாவது பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் அவசரம்.

எனக்கு அந்த நோய். எங்கள் பக்கம் அதன் பெயரை யாரும் வாயில் எடுப்பதில்லை, ‘அந்த நோய்’ என்றாலே புரிந்துகொள்வார்கள். நோய் வந்தவனிடம் அதைக்கூடச் சொல்ல மாட்டார்கள். எட்டு மாதம் முன்பு என்னை அம்மானில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். என்ன ஆஸ்பத்திரி என்று வாசலிலேயே இரண்டு மொழியில் ஆளுயர எழுத்து. “ரத்தசோகைக்கும் இங்கதான் பாப்பாங்க” என்றாள் என் மனைவி இன்ஸாஃப். பலகை பார்த்தே பிழைத்தவனிடம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவள் தோட்டத்தையே மறைக்கப் பார்த்தாள்.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து வைட்டமின் டப்பாவில் போட்டுத் தருவாள். நானும் சத்து மாத்திரை என்று சொல்லி விழுங்குவேன். எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் அவள் உடைந்துபோவாள் என்று பயம். டாக்டரிடமும் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டால் தெரிந்தவன் ஆகிவிடுவேனே.

திங்கட்கிழமை மதியம். மறுநாள் நேர்காணல். இன்ஸாஃப் அடுப்போரம் உட்கார்ந்து, அரிசி அடைப்பதற்காகச் சுரைப்பிஞ்சுகளைக் குடைந்துகொண்டிருந்தாள். நான் முதல் கேள்வியை எடுத்தேன்.

“ஏன் மருந்தியல்?”

“மனித குலத்துக்குச் சேவை செய்யணும்னு சின்ன வயசுலேருந்தே...”

“மனித குலம் உன்கிட்ட வராது புள்ள. மூணாவது வீட்டு உம்மு சாயில்தான் வருவா, கால் வலின்னு. அவளுக்கு என்ன செய்வேன்னு சொல்லு.”

“மூணு வருஷமா நம்ம தெரு மருந்துக்கடையில நின்னு அவங்களுக்குத்தான்ப்பா செஞ்சிட்டிருக்கேன்.”

“அதைச் சொல்லேன்! மனித குலமாம்.”

அவள் சிரித்துக்கொண்டே அடுத்த சீட்டைப் பார்த்தாள். பார்த்ததும் கட்டுக்கு அடியில் செருகினாள். அந்த வாரம் முழுக்க ஒரு சீட்டு இப்படி அடியில் போவதை நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

“அது என்ன சீட்டு, எப்பப் பாத்தாலும் அடியில போகுது?”

“அது தேவையில்லப்பா.”

நான் உருவினேன். ‘நோயாளிக்கு நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்கிறார்கள். நோயாளியோ உங்களிடம் வந்து, இது என்ன மருந்து என்கிறார். என்ன செய்வீர்கள்?’

“இதெல்லாம் கேக்க மாட்டாங்க” என்றாள் இன்ஸாஃப், சுரைப்பிஞ்சைப் பார்த்தபடி.

“நீ எந்தக் கல்லூரியில வாத்தியாரம்மா? சும்மா இரு.” என் குழந்தை இந்த ஒரு கேள்வியில் திக்கி இடத்தை விட்டுவிடுவாளோ என்ற பயம் என்னை நெட்டித் தள்ளியது. அலமாரியில் இருந்த வைட்டமின் டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். “டாக்டரம்மா, என் சம்சாரம் தினம் இதைக் குடுக்குறா. இது எதுக்கு?”

அரீஜ் கண் இமைக்காமல் சொன்னாள்: “சத்து மாத்திரை மாமா. ரத்தம் ஊறும்.”

அவ்வளவு சரளமாக வந்தது. “பெயில்” என்றேன். “மறுபடி சொல்லு.”

அவள் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். குரல் மாறியிருந்தது.

“சொல்றேன் மாமா. அதுக்கு முன்னாடி, உங்களுக்கு எந்த அளவுக்குத் தெரிஞ்சுக்கணும்?”

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நடிப்பு மறந்துபோனது.

“எல்லாம்.”

“உங்களுக்கு இருக்கறது ரத்தப் புற்றுநோய்.” எங்கள் வீட்டுச் சுவர்கள் அந்தச் சொல்லை முதல் தடவையாகக் கேட்டன. “இது அதுக்கான மாத்திரை. தினம் ஒண்ணு, சாப்பாட்டோட, பெரிய டம்ளர் நிறையத் தண்ணி. ஒரு நாள்கூட விடக் கூடாது. பம்பளிமாஸ் தொடவே கூடாது. அது மாத்திரையோட வேலையைக் கெடுத்துரும்.”

“பம்பளிமாஸா? அதைத் தின்னா வாயுன்னுதானே சொன்னீங்க?”

“சாப்பிட்டீங்களா?”

“பழக்கடைக்காரன் அபூ லுவை தினமும் உரிச்சுக் குடுப்பான். வாயுதானே, பாத்துக்கலாம்னு...”

“அப்பா!” அவள் முகம் வெளுத்துவிட்டது.

குடைகத்தி தரையில் விழுந்தது. “உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்றாள் இன்ஸாஃப்.

“முதல் நாளே. வாசல்ல எழுதியிருக்கேடி.”

“அப்போ எட்டு மாசமா நான் குளியலறையில போய் அழுதது?”

“குழாயைத் திறந்துவிட்டு அழுதா கேக்காதா? வாரத்துக்கு ஒரு நாள் வர்ற தண்ணி. இப்படி ஊத்துறாளே, கேக்கவும் முடியலியேன்னு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.”

அவளுக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. நான் மகள் பக்கம் திரும்பினேன். கேட்க நினைக்காததைக் கேட்டுவிட்டேன்.

“எனக்கு இன்னும் எத்தனை நாள்?”

“நாளா?” அரீஜ் என் கையைப் பிடித்தாள். “யாருப்பா உங்களுக்கு நாள் கணக்கு சொன்னது? இது மாத்திரைக்கு அடங்குற வகை. ஒழுங்காப் போட்டா முக்கால்வாசிப் பேர் வயசாகித்தான் போறாங்க. உங்களுக்கு ஆறாம் மாச டெஸ்டுலயே நல்லாக் குறைஞ்சிருச்சே. அம்மா அன்னிக்கு ரவை இனிப்பு செஞ்சு தெரு முழுக்கக் குடுத்தாங்களே!”

“மாடி வீட்டுப் பையன் பாஸானதுக்குன்னுல்ல சொன்னா? அவன் பாஸானா இவ ஏன் இப்படி அழுறான்னு நினைச்சேன்.”

எட்டு மாதமாக நான் தினமும் செத்துக்கொண்டிருந்தேன். பிழைத்துவிட்ட செய்தி அடுப்படியில் இனிப்பாகக் கிண்டப்பட்டு, எனக்கும் இரண்டு துண்டு தட்டில் வந்தது. தின்றேன். இன்ஸாஃப் மீது கோபம் வந்தது. அதைவிட அதிகமாக என் மீது வந்தது. பெயரை அவர்கள் மறைத்தார்கள், தெரியும் என்பதை நான் மறைத்தேன். இரண்டுக்கும் நடுவில் நல்ல சேதி நுழைய வழியே இல்லாமல் போயிருக்கிறது.

மறுநாள் எங்கள் பழைய காரில் நானே அவளைக் கூட்டிப் போனேன். கல்லூரி வாசலில் இறங்கியவள், “பயமா இருக்குப்பா” என்றாள். “எனக்கும்தான், போ” என்றேன். ஐம்பது நிமிஷம் கழித்து வந்து கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

“அந்தக் கேள்வி வந்துச்சா?”

“வரல. நீ செஞ்ச பெரிய தப்பு ஒண்ணு சொல்லுன்னாங்க.”

“என்ன சொன்ன?”

“ஒரு நோயாளிகிட்ட எட்டு மாசம் பொய் சொன்னேன்னு சொன்னேன். மூணு பேரும் எழுதறதை நிறுத்திட்டாங்க. அந்த நோயாளி இப்ப எப்படி இருக்கார்னு கேட்டாங்க.”

“நீ?”

“வெளியில காருக்குள்ள இருக்கார், எனக்காகக் காத்துட்டிருக்கார்னேன்.”

முன்கண்ணாடியில் ரோடு கொஞ்ச நேரம் கலங்கித் தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டியை எடுத்தேன். வீட்டுக்குத் திரும்பும் வளைவில் திரும்பாமல் நேராகப் போனேன்.

“எங்கப்பா போறீங்க?”

“டயர் கடைக்கு. இந்த மேட்டு ரோட்டுல அஞ்சு வருஷம் உன்னை விட்டுக் கூட்டிட்டு வரணும். இந்த டயர் தாங்காது.”

“இன்னும் இடமே கிடைக்கலியேப்பா.”

“இடம் குடுக்கறது அவங்க பாடு” என்றேன். “டயர் என் பாடு.”