வெள்ளிக்கிழமையில் நிற்கும் கார்

"வாயைப் பொத்தும் காணும்! மீன்வெடுக்கு நாறுற எஞ்சினைக் கொண்டுவந்து என்ரை காருக்குள்ளை பூட்டிப்போட்டு, நியாயம் வேறை கதைக்கிறீரோ?"

"முதலாளி, எஞ்சினிலை பிழை எண்டால் உந்த முற்றத்திலேயே என்ரை மீசையை வழிச்சுப்போட்டுப் போறன். பிழை நீங்கள் வாங்கி ஊத்திற எண்ணெயிலை!"

"எண்ணெயிலையோ? அப்ப திங்கள் செவ்வாயிலை உதே எண்ணெயிலை எப்பிடிக் காணும் ஓடுது?"

எமிலியானுஸ் காறித் துப்பினான். அது என் வேலியோர முருங்கையடியில் வந்து விழுந்தது. டீசலும் எச்சிலும் கலந்து நீலமும் பச்சையுமாய் மினுங்கியது. நான் எப்போதோ காய்ந்துவிட்ட உடுப்பைக் கொடியில் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றேன். வேறெப்படி முழுவதையும் கேட்பது?

அப்புத்துரை கொழும்பில் கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்துபோக, மிஞ்சிய பழைய இங்கிலிசுக் காரோடும் மிஞ்சாத பணத்துக்கான மிடுக்கோடும் எங்கள் ஊரான சரவணைக்கு வந்து சேர்ந்தார். பெற்றோல் கட்டுபடியாகவில்லை என்று அடுத்த வருடம் காரை டீசலுக்கு மாற்றினார். ஊர்காவற்றுறையில் வள்ளங்களுக்கு எஞ்சின் பூட்டுகிற எமிலியானுஸ்தான் மாற்றிக் கொடுத்தான். எஞ்சின், மீன் ஏற்றித் திரிந்த ஒரு வானின் வயிற்றிலிருந்து கழற்றியது. காரின் பழைய எண்ணெய்த் தாங்கி உக்கிப்போயிருந்ததால், வள்ளத்துக்கு எண்ணெய் கொண்டுபோகும் பெரிய பிளாஸ்டிக் கலன் ஒன்றை டிக்கிக்குள் இருத்தி, அதன் மூடியின் ஓரத்தில் துளையிட்டுக் குழாய் இழுத்துவிட்டிருந்தான். டிக்கியைத் திறந்தால் டீசலும் பழைய சூடைமீனும் சேர்ந்து மூக்கில் அறையும்.

அப்புத்துரையின் மனைவி சீதேவி சுத்த சைவம். வெள்ளிதோறும் தலைமுழுகி, சந்தனக் கிண்ணத்தோடு முற்றத்துக்கு வருவாள். முன்லைட்டு இரண்டுக்கும் பொட்டு, ஸ்டியரிங்குக்குப் பொட்டு. கடைசியாக, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கலனின் மூடிக்கும் நடுவில் ஒரு பொட்டு.

"வெடுக்குப் பட்ட சாமான் அக்கா, ஒரு சுத்தத்துக்கு வைக்கிறனான்" என்பாள் என்னிடம்.

அந்தச் சண்டைக்குக் காரணம் அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை. அப்புத்துரையின் மகள் மனோகரிக்கு யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம், பெயர் நடராசா. அவனையும் தாய் நாகமுத்துவையும் நல்ல நேரத்துக்குள் கூட்டிவர அப்புத்துரை தானே கார் ஓட்டிப் போனார். பெண் வீட்டார் சார்பில் மரியாதைக்கு நானும் பின்சீற்றில்.

திரும்பி வரும்போது, கடலுக்கு மேலால் தீவுக்கு வரும் பண்ணைப் பாலத்தில் எஞ்சின் திக்கத் தொடங்கியது. இருமியது, இழுத்தது, குலுக்கியது, நின்றேவிட்டது. கொஞ்ச நேரம் விட்டு முடுக்கினால் ஓடும், மறுபடி திக்கும். அப்புத்துரை கார் முடுக்குகிற திறப்பை உருவிச் சீற்றில் எறிந்துவிட்டு முன்பக்க எஞ்சின் மூடியைத் திறந்து பார்க்க இறங்கினார். அப்போதுதான் அந்தக் காட்சி. நடராசா எட்டிக் கார்த் திறப்பை எடுத்துக் காதுக்குள் விட்டுக் குடைந்தான். குடைந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பார்த்தது போதாதென்று மணந்தும் பார்த்தான். பிறகு சீற்றுக்குக் கீழே துடைத்துவிட்டுத் திறப்பை மாமனாராக வரப்போகிறவரின் கையில் கொடுத்தான்.

சரவணைக்கு வந்து சேர நல்ல நேரம் கழிந்துவிட்டது. நாகமுத்து முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு வாக்குச் சொன்னாள்: "வாற வெள்ளியும் நல்ல நாள்தான். அண்டைக்கு வழியிலை நிக்காமல் வந்து சேந்தால் மோதிரம் மாத்துவம். நிண்டால், கடவுள் வேண்டாமெண்டு சொல்லுறார் எண்டு விட்டிடுவம்."

நான் நேரே குசினிக்குப் போய்த் திறப்புக் கதையை மனோகரிக்கு ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் கையிலிருந்த பலகாரத் தட்டை அப்படியே கீழே வைத்தாள்.

அன்றிரவே தாயிடம் சொல்லியிருக்கிறாள், "எனக்கு அந்த ஆள் வேண்டாமணை."

"ஆம்பிளையள் எண்டால் காது கிண்டுறதுதான். உன்ரை கொப்பர் என்ன, பஞ்சுவைச்சே துடைக்கிறவர்?" என்று சீதேவி வாயை அடைத்துவிட்டாள். தகப்பனிடம் போனதற்கு, "கந்தோர் மாப்பிள்ளையடி" என்பதோடு பேச்சு முடிந்தது. ஆக, வருகிற வெள்ளிக்கிழமை கார் நின்றால் அவள் தப்பினாள்; ஓடினால் அந்தக் காதோடு காலம் முழுக்க.

அடுத்த நாள் காரைக் கழுவி எண்ணெய் ஊற்றுகிற வேலை மனோகரிக்கு. அது எப்போதும் அவள் தலையில்தான். தகப்பன் கை ஊத்தையாகாது, தாய் கிட்டவே வரமாட்டாள். வேலி இடைவெளிக்குள்ளால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கலனின் பக்கமிரண்டும் பல்லில்லாக் கிழவரின் கன்னம்போல உள்ளே ஒட்டிக் கிடந்தன. அவள் மூடியைத் திருகினாள். "உஸ்" என்று பெருமூச்சு விட்டது. கலன் டப்பென்று நிமிர்ந்தது. பெட்டை துள்ளிப் பின்னால் போய் நின்றாள். பிறகு மூடியை முகத்துக்கு நேரே பிடித்து, அதிலிருந்த பொட்டை நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தாள். இவளுக்கும் பைத்தியமோ என்று நினைத்துக்கொண்டு நான் உலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அந்த வாரம் முழுக்க எமிலியானுஸின் தொல்லையும் அரியண்டமும்தான். குழாயை மாற்றினான். பில்டரை மாற்றினான். வாயை வைத்து டீசலை உறிஞ்சினான், துப்பினான், அதே வாயால் எங்கள் வீட்டுத் தேத்தண்ணீரையும் குடித்தான். அந்தக் கோப்பையை நான் சாம்பல் போட்டு மினுக்கியும் நாற்றம் போகவில்லை. சாட்டிக் கடற்கரை வரைக்கும் ஓடிப் பார்த்தான். கார் பிசகில்லாமல் ஓடியது. அவன் கிறிஸ்தவன் என்று சந்திக் கடையில் வேறு நக்கல்: "வேதக்காரன்ரை எஞ்சினெல்லோ, வெள்ளிக்கிழமை சைவக்காரருக்கு ஓடாது!"

"வெள்ளியிலை எங்களுக்கு இறைச்சிதான் விலக்கு. மீன் விலக்கில்லை. மீன்வான் எஞ்சின் என்னத்துக்கு விரதம் பிடிக்குது?" என்று அவனும் விடவில்லை.

அடுத்த வெள்ளி வந்தது. சீதேவி வடைக்கு அரைத்துக்கொண்டே, "பிள்ளை, காருக்குப் பொட்டை வடிவாய் வைச்சுவிடு" என்று உள்ளிருந்து கத்தினாள். மனோகரி கிண்ணத்தோடு வந்தாள். லைட்டுகளுக்குச் சும்மா தொட்டுவிட்டு நேரே டிக்கிக்குப் போனாள். அடுப்புக்கு மண் மெழுகுவதுபோல அவள் முழங்கை அசைந்தது.

இம்முறை எமிலியானுஸும் முன்சீற்றில் ஏறிக்கொண்டான். போகும்போது கார் ஏதோ ஓடியது. யாழ்ப்பாணத்தில் எண்ணெய் அடிக்கிற பெடியன் மூடியைத் திறந்து கலன் முட்ட அடித்து மூடிவிட, மாப்பிள்ளையையும் தாயையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். பாலத்தின் நடு வந்ததும் இருமல். குலுக்கல். நின்றது.

"நிண்டிட்டுது" என்றாள் நாகமுத்து, தீர்ப்பு வாசிப்பதுபோல.

"பொறணை அம்மா, ஒரு நிமிசம்!" எமிலியானுஸ் டிக்கிக்கு ஓடினான். குழாயைக் கழற்றி உறிஞ்சினான், ஒன்றும் வரவில்லை. இன்னும் பலமாய் உறிஞ்ச, வந்தது முழுக்க வாய்க்குள் வந்தது. புரைக்கேறித் துப்பியதில் பாதியைக் கடற்காற்று நாகமுத்துவின் பட்டுச்சேலைக் கரையில் கொண்டுபோய்ப் பூசியது. சீ! நான் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அவன் கோபத்தில் மூடியைத் திருகினான். "உஸ்ஸ்ஸ்!" கலன் டபாரென்று நிமிர்ந்தது. எமிலியானுஸ் மூடியைத் திருப்பிப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"முதலாளி! எண்ணெய் போகப் போக உள்ளை காத்துப் போகவெண்டு நான் நடுவிலை ஒரு ஓட்டை விட்டனான். அதை ஆரோ சந்தனத்தாலை அடைச்சுக் கிடக்கு! காத்துப் போகாட்டில், அதுவும் கலன் முட்ட இருக்கேக்கை, எண்ணெய் எப்பிடி வரும்? கிழமை நடுவிலை காஞ்சு உதிர்ந்தவுடனை ஓடியிருக்கு! ஆரிட்டையேன் ஒரு ஊசி இருக்கோ, குத்திவிட?"

ஊசி இல்லை. நடராசா காதுக்குள் நின்ற நெருப்புக்குச்சியை உருவி நீட்டினான். எமிலியானுஸ் அதை வாங்கி, ஒரு கணம் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு குத்தினான். எஞ்சினின் இருமல் வருத்தம் அந்தக் குச்சியால்தான் தீர்ந்தது.

அப்புத்துரைக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியளே அம்மா! சகுனமுமில்லை, ஒண்டுமில்லை. வெறும் சந்தனம்!"

"வெறும் சந்தனமோ?" நாகமுத்து சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சீறினாள். "கடவுள் பின்னை எதாலை மறிப்பார், சீமெந்தாலையோ? திருப்பும் காரை!"

திருப்பினார். யாழ்ப்பாணம் வரைக்கும் கார் ஒரு இருமல் இருமவில்லை.

வீட்டில் சீதேவி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஒரு துளிதானே நான் வைக்கிறனான்..." என்று தொடங்கியவள், அன்று வைத்தது தானல்ல என்ற நினைவு வந்து குசினிப் பக்கம் திரும்பினாள். மனோகரி வடையைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்கள்தானேயம்மா வடிவாய் வைக்கச் சொன்னனீங்கள்" என்றாள், தாச்சியிலிருந்து தலை நிமிராமல்.

எமிலியானுஸிடம் அப்புத்துரை ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை. அவன் மீசையோடு மன்னாருக்குப் போய் அங்கேயே கலியாணம் செய்துகொண்டான். நடராசா இரண்டு மாதத்தில் பக்கத்து ஊரான சுருவிலில் கலியாணம் முடித்தான்; பஸ்ஸில் வந்து இறங்கினார்களாம். மனோகரியை அடுத்த வருடம் சங்கக்கடையில் வேலைசெய்த கதிர்காமு சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தச் சைக்கிளுக்குக் கிட்ட அவள் சந்தனக் கிண்ணத்தோடு போகவேயில்லை. கலியாணம் முடிந்து வவுனியாவுக்குப் போய்விட்டார்கள். கதிர்காமு காதை எதால் துடைக்கிறாரென்று எனக்கு இன்னும் தெரியாது.