நத்தார்க் காய்ச்சல்

றெஜினாவுக்கு மார்கழி மாதத்தைக் கண்டு பயம் வந்தது இந்த வருடந்தான். போன வருடம்வரை நத்தார் வருகிறதென்றால் வெக்ஸ்போர்ட்டில் அவர்கள் குடியிருக்கும் கட்டடத்திலேயே முதல் ஆளாகப் பல்கனியில் மின்விளக்கு மாட்டுகிறவள் அவள். கேக்குக்கு முந்திரிகை வற்றல் ஊறப்போடுவதிலிருந்து நள்ளிரவுப் பூசைக்கு என்ன சேலை என்பதுவரை கார்த்திகை பிறக்கும்போதே முடிவாகிவிடும்.

இந்த வருடம் ஆவணியில் அவளுக்குச் சிறுநீரகம் மாற்றினார்கள். கொடுத்தவள் கணவன் கிளிபோட்டின் தங்கை அன்ரனெற். பிக்கரிங்கில் புது வீடு வாங்கிக் குடிபோனவள், கலகலவென்று கதைக்கிறவள், எதையும் இரண்டு தரம் யோசிக்காதவள். கிளிபோட் தயங்கித் தயங்கி விசயத்தைச் சொல்லி முடிக்கும் முன்னமே, "அண்ணை, எங்க போய்க் கையெழுத்து வைக்கிறது எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றாளாம்.

சத்திரசிகிச்சை நன்றாக நடந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க றெஜினா காலையும் மாலையும் குளிசை போட வேண்டும். அந்தக் குளிசையே உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அமுக்கி வைத்திருந்தது. "மற்ற ஆக்களுக்குச் சும்மா தடிமன், மூக்கடைப்பு என்று போவது உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிடும். சனக்கூட்டத்துக்குள் போகாதேயுங்கள்" என்று கிளினிக் தாதி திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள்.

அன்றிலிருந்து றெஜினாவின் காது இருமலுக்கென்றே திறந்திருந்தது. லிஃப்றுக்குள் ஒருவர் தொண்டையைச் செருமினால் அடுத்த மாடியிலேயே இறங்கிவிடுவாள். கதவுக் கைபிடியை முழங்கையால் தள்ளுவாள். குளிர் தொடங்கி, ஆட்கள் யன்னல்களை அடைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சத் தொடங்கியதும் கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். ஞாயிறு பூசையைக் கைபேசியில் பார்த்தாள். வேலையால் வரும் கிளிபோட் வாசலிலேயே உடுப்பைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு நேரே குளிக்கப் போக வேண்டும். பாவம், ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் போனான்.

அப்படி இருக்கும்போதுதான் அன்ரனெற் அழைத்தாள்.

"மச்சாள், நத்தாருக்குப் பகல் சாப்பாடு இஞ்சதான். எல்லாரும் வருகினம். நீங்கள் கட்டாயம் வரவேணும்."

"அன்ரனெற், எனக்குச் சனத்துக்குள்ள வர..."

"வெளி ஆக்கள் ஒருத்தரும் இல்லை, எங்கட ஆக்கள்தானே. நீங்கள் எழும்பி நடமாடுறதை எல்லாரும் பாக்க வேண்டாமே? நீங்கள் வராட்டில் எனக்கு என்ன நத்தார்?"

உடம்பை வெட்டித் தந்தவள் ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறாள். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

"வாறம்" என்றாள் றெஜினா. சொல்லிமுடித்ததும் நத்தாருக்கு இன்னும் எத்தனை நாள் என்று கலண்டரில் எண்ணிப்பார்த்தாள்.

"ஒரு மணித்தியாலம் இருந்திட்டு வந்திடுவம்" என்று கிளிபோட் தேற்றினான். "மாஸ்கைக் கழட்டாதையும். நான் பக்கத்திலயே நிப்பன். பயப்பிடாதையும்."

பயப்படாதே என்று சொல்வதற்கு அவனுடைய குரலில் பலம் போதாமல் இருந்தது.

அன்ரனெற்றின் வீட்டு வாசலில் சப்பாத்துகள் குவியலாகக் கிடந்தன. உள்ளே ஹீற்றரின் சூடும் ஆட்களின் சூடும் சேர்ந்து யன்னல் கண்ணாடிகளில் நீராவி படிந்திருந்தது. எங்கட ஆக்கள் என்று அன்ரனெற் சொன்னதில் அவளுடைய புருசன்வழிச் சனம் முழுவதும் அடக்கம் என்பது றெஜினாவுக்கு அப்போதுதான் விளங்கியது. கட்டிப்பிடிக்க வந்தவர்களுக்குத் தூரத்திலேயே கைகூப்பினாள். சிலர் சிரித்தார்கள், சிலருக்கு முகம் சுருங்கியது. புரியாணியும் றோல்சும் நண்டுக் கறியும் மேசையில் எவ்வளவு நேரமாகத் திறந்து கிடக்கின்றனவோ என்று அவள் மனம் கணக்குப் பார்த்தது. அன்ரனெற் நிரப்பிக் கொடுத்த சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிடுவதுபோலச் சோற்றைக் கிளறியபடி வாசலுக்குக் கிட்டவுள்ள கதிரையில் இருந்தாள்.

யேசுரட்ணம் அங்கிள் வந்தது அப்போதுதான். அன்ரனெற்றின் மாமனாருடைய தமையன். அந்தக் குடும்பத்தில் வயதில் மூத்தவர். நத்தார் நாளில் ஒவ்வொருவருடைய நெற்றியிலும் பெருவிரலால் சிலுவை போட்டு ஆசீர்வதிப்பது அவருடைய வழக்கம். கோட்டைக் கழற்றும்போதே பொத்திய கைக்குள் இரண்டு தரம் இருமினார். அந்தக் கையோடு நேரே றெஜினாவிடம் வந்தார். கிளிபோட் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போயிருந்தான்.

"இதுதானே எங்கட பிள்ளை கிட்னி குடுத்த ஆள்? உதென்ன பிள்ளை, முகத்தை மூடிக்கொண்டு? காட்டு, பாப்பம்."

அவள் விலகுவதற்குள் அவரே மாஸ்கைப் பிடித்துத் தாடைக்கு இழுத்துவிட்டார். ஈரமான பெருவிரல் அவள் நெற்றியில் மேலும் கீழுமாகவும், இடமும் வலமுமாகவும் கோடு போட்டது. "கர்த்தர் உன்னைக் காப்பாற்றுவார்" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பாமலே மறுபடி இருமினார். அந்த மூச்சின் சூடு அவள் கன்னத்தில் பட்டது.

"அங்கிள், உங்களுக்குச் சுகமில்லையே?" மாஸ்கை மேலே இழுத்தபடி கேட்டாள்.

"சீச்சீ, ஒண்டுமில்லை. நேற்றுவரைக்கும் கொஞ்சம் காய்ச்சல். இண்டைக்கு விட்டிட்டுது."

றெஜினா எழுந்த வேகத்தில் கோப்பை கீழே விழுந்தது. குளியலறைக்குள் போய்க் குழாயை முழுவதும் திறந்தாள். சவர்க்காரத்தைக் கையில் நுரைத்து நெற்றியைத் தேய்த்தாள், கன்னத்தைத் தேய்த்தாள், மூக்கின் இரண்டு பக்கமும் எரியும்வரை தேய்த்தாள். கதவைப் பூட்ட மறந்திருந்தாள். தலை நிமிர்ந்தபோது கண்ணாடிக்குள் அன்ரனெற் நின்றாள்.

"என்ன மச்சாள் செய்யிறியள்?"

"கழுவுறன்."

"அங்கிள் போட்ட சிலுவையையோ?"

"அவருக்குக் காய்ச்சலாம், அன்ரனெற்."

"அவர் எண்பது வயசு மனுசன். வெளியில எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம். என்ர வீட்டுக்கு வந்த சனமெல்லாம் உங்களுக்குக் கிருமியோ?" அன்ரனெற்றின் முகம் சிவந்திருந்தது. "சாப்பாட்டிலயும் வாய் வைக்கேல்லை. நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். நான் வெட்டித் தந்தது நீங்கள் இப்பிடிக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறதுக்கோ?"

றெஜினா குழாயைப் பூட்டினாள். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வந்து கோட்டைப் போட்டாள். வீடு திரும்பும் வழி முழுவதும் காரின் கண்ணாடியை இறக்கி, உறையும் காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கிளிபோட் ஹீற்றரைக் கூட்டிவிட்டான்.

அடுத்த நாள் ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்த நாள் மத்தியானம், கிளிபோட் வேலைக்குப் போனபின், சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தவளுக்கு முதுகில் குளிர் ஓடியது. யன்னல் திறந்திருக்கிறதோ என்று பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு சோபாவில் இருந்தாள். குளிர் போகவில்லை. மூட்டுகள் உளைந்தன.

காய்ச்சல் பார்க்கும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைத் தொடவே பயம். பார்க்காதவரைக்கும் இது வெறும் குளிர். பார்த்துவிட்டால் அதற்குப் பெயர் வந்துவிடும். வலது அடிவயிற்றில், புதுச் சிறுநீரகம் இருக்கும் இடத்தில் கையை வைத்தாள். நோகிறதோ என்று அமத்திப் பார்த்தாள். அமத்தியதால் நொந்தது. உண்மையாகவே நோகிறதா, தான்தான் நோகப்பண்ணுகிறாளா என்று தெரியாமல் மறுபடி அமத்தினாள்.

கடைசியில் கருவியை வாய்க்குள் வைத்தாள். முப்பத்தெட்டரை.

பனடோல் போத்தலை எடுத்து இரண்டு குளிசையைக் கையில் கொட்டினாள். போட்டால் காய்ச்சல் இறங்கும். கிளிபோட் வரும்போது ஒன்றும் நடக்காததுபோலக் கிடக்கலாம். அன்ரனெற்றுக்கும் தெரியவராது, உன் வீட்டில்தான் இது வந்தது என்று யாரும் விரல் நீட்ட வேண்டி வராது. ஆனால், காய்ச்சலென்றால் எங்களிடம் கேட்காமல் எதையும் போடாதேயுங்கள், அது உள்ளே நடப்பதை மறைத்துவிடும் என்று தாதி சொன்னதும் காதுக்குள் நின்றது. தன்னுடைய உறுப்பு பழுதானபோது அவள் இப்படி நடுங்கவில்லை. இது இன்னொருத்தியினுடையது. இதைப் பழுதாக்கிக் குப்பைத் தொட்டிக்குள் போட வைத்துவிட்டு அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

குளிசையை மேசையில் வைத்துவிட்டுக் கிளினிக்கை அழைத்தாள். விடுமுறைக்கால அவசர இலக்கத்தில் ஒரு தாதி எடுத்தாள். கேள்விகள் கேட்டாள். பிறகு, "உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். தனியாக வராதேயுங்கள்" என்றாள்.

கிளிபோட்டை அழைத்தாள், அவன் எடுக்கவில்லை. அவன் வேலைசெய்யும், பாண் சுடும் தொழிற்சாலையில் கைபேசியை லொக்கருக்குள் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக விடுவார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரேயொரு இலக்கந்தான் இருந்தது.

"அன்ரனெற்..." என்றாள். அதற்குமேல் பற்கள் கிடுகிடுவென்று அடித்தன.

"மச்சாள்? என்ன? காய்ச்சலோ?"

"ஓம்."

"எவ்வளவு?"

சொன்னாள். மறுபக்கத்தில் கார்த் திறப்பு கிலுங்கும் சத்தம் கேட்டது. பிறகு, "வாறன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இருங்கோ" என்று சொல்லி அன்ரனெற் வைத்துவிட்டாள்.

வீட்டில் போடும் பருத்திக் காற்சட்டைக்கு மேலே பனிக்கோட்டை மாட்டிக்கொண்டு, மாஸ்கோடு அன்ரனெற் வந்து சேர்ந்தாள். 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. அன்ரனெற் கண்ணை வீதியை விட்டு எடுக்கவில்லை. ஸ்ரியறிங்கைப் பிடித்திருந்த அவளுடைய விரல்கள் வெளிறியிருந்தன. இவளுக்குக் கோபம் இன்னும் தணியவில்லை என்று றெஜினா நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவளைத் தனி அறைக்குள் விட்டார்கள். மூக்குக்குள் குச்சி விட்டார்கள், இரத்தம் எடுத்தார்கள், சேலைன் ஏற்றினார்கள். முடிவு வரும்வரை இருவரும் தனியாக இருந்தார்கள். இயந்திரம் ஒன்று இடைவிடாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்கொள்ளும், அன்ரனெற்" என்றாள் றெஜினா. "நீர் தந்ததை நான் கவனமாய் வைச்சிருக்கேல்லை."

அன்ரனெற் கதிரையிலிருந்து விசுக்கென்று நிமிர்ந்தாள். "விசர்க் கதை கதையாதேங்கோ. வர ஏலாதெண்டு சொல்ல வந்தனீங்கள், நான்தானே கேக்கேல்லை." கண் கலங்கிவிட்டது. "மச்சாள், ஒண்டு சொல்லுறன். அண்ணைக்குச் சொல்லாதேங்கோ. ஒப்பிறேசனுக்குப் பிறகு எனக்கும் செக்கப் வைச்சவை. நான் போகேல்லை. ஒருக்காலும் போகேல்லை."

"ஏன்?"

"பயம்." அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து றெஜினா அன்றுவரை கேட்டதில்லை. "இருக்கிற மற்றதிலயும் ஏதும் பிழை எண்டு சொல்லிப்போட்டால்? படுத்தால் அந்தப் பக்கம் வெறுமையாய்க் கிடக்கிற மாதிரி இருக்கு. தலை இடிச்சால் உதுதானோ எண்டு இருக்கு. வீடு முட்டச் சனம் நிண்டு சத்தம் போட்டால் கொஞ்ச நேரம் மறந்திருக்கலாம். நீங்களும் வந்து எல்லாரோடையும் சிரிச்சுச் சாப்பிட்டால், சரி, ரெண்டு பேருக்கும் ஒண்டுமில்லை எண்டு நினைச்சுக்கொள்ளலாம். நீங்கள் அந்த மாஸ்கோட வந்து மூலைக்குள்ள இருந்தவுடன எனக்கு..."

றெஜினா ஊசி ஏறாத கையை நீட்டினாள். நீட்டிய பிறகுதான் தனக்குக் காய்ச்சல் என்பது நினைவு வந்து இழுக்கப் பார்த்தாள். அன்ரனெற் விடவில்லை.

முடிவு வந்தது. இன்புளுவென்சா. இரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் எண் ஏறியிருந்தது. இளம் டொக்டர் ஒருத்தி வந்து, மருந்து தொடங்குவதாகவும், சிறுநீரகம் தாக்குப்பிடிக்கிறதா என்பதை இனித்தான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள். ஆறுதலுக்காகக்கூட அவள் ஒரு பொய் சொல்லவில்லை. கிளிபோட் சட்டைக் கையில் மாவோடு ஓடிவந்து கட்டிலின் காலடியில் நின்றான்.

ஒவ்வொரு காலையும் இரத்தம் எடுத்தார்கள். முதல் நாள் எண் இன்னும் ஏறியது. அன்று முழுவதும் றெஜினா கையை அடிவயிற்றில் வைத்தபடியே கிடந்தாள். அதனோடு கதைத்தாள் என்றுகூடச் சொல்லலாம். அடுத்த நாள் ஏறாமல் நின்றது. பிறகு கொஞ்சம் இறங்கியது. வருடம் பிறக்கும் முன் வீட்டுக்கு விட்டார்கள். எண் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. "இதுவே இப்போதைக்குப் போதும்" என்றாள் டொக்டர்.

புதுவருடத்துக்கு யாரும் யாருடைய வீட்டுக்கும் போகவில்லை. யேசுரட்ணம் அங்கிளும் படுக்கையில் கிடந்து தேறினார் என்று அன்ரனெற் சொன்னாள். அவரிடமிருந்துதான் வந்ததா, அந்தக் கூட்டத்தில் வேறு யாரிடமிருந்தாவது வந்ததா என்று ஒருவரும் துருவவில்லை. கூப்பிட்ட மற்றவர்களுக்கு றெஜினா, "எனக்கு வரப் பயமாய்க் கிடக்கு. சித்திரைக்குப் பிறகு பாப்பம்" என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். சொல்லப் பழகியபிறகு அது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை.

தை நடுவில் அன்ரனெற்றின் செக்கப்புக்கு றெஜினாவும் கூடப் போனாள். காத்திருந்த ஆட்களுக்குள் இருமல் கேட்டபோது அவள் உடம்பு வழக்கம்போல விறைத்தது. மாஸ்கை மூக்கோடு இறுக்கிக்கொண்டு கதவோரமாகப் போய் நின்றாள். ஆனால் வெளியே போகவில்லை. இரத்தம் எடுத்தபோது அன்ரனெற் ஊசியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பி இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில நாளில் டொக்டரின் செய்தி வந்தது. அன்ரனெற் அதைத் திறக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு வெக்ஸ்போர்ட்டுக்கு வந்து, கைபேசியை றெஜினாவின் கையில் வைத்தாள்.

"நீங்கள் வாசியுங்கோ, மச்சாள். என்னால ஏலாது."

றெஜினாவுக்கும் எழுத்துகள் ஆடின. முதலில் மனதுக்குள் ஒருதரம் வாசித்தாள்.

"கிட்னி நல்லாய் வேலை செய்யுதாம். பிறெசர் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்காம். உப்பைக் குறைக்கட்டாம், திருப்பி வந்து காட்டட்டாம்."

அன்ரனெற் கோட்டையும் கழற்றாமல் சோபாவின் விளிம்பில் இருந்தாள்.

"இன்னொருக்கா வாசியுங்கோ" என்றாள்.

றெஜினா பக்கத்தில் இருந்து, மெல்ல, முதலிலிருந்து வாசித்தாள்.