கல்வெட்டில் முதல் பெயர்

பழனிமுத்துவுக்குச் சகலை மகுடேஸ்வரன் மேல் இருந்த வயிற்றெரிச்சலுக்கு வயது இருபத்திரண்டு. இருவரும் அக்கா தங்கையைக் கட்டிய நாளிலிருந்து அது எரிகிறது. இருவருக்கும் அருள்புரத்தில் சாயப்பட்டறை. சகலை ஒரு மெஷின் வாங்கினால் இவருக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. கட்சி அலுவலகம் கட்ட நன்கொடை கேட்டு வந்தபோதுகூட, சகலை கொடுத்ததற்கு மேல் கொடுத்து, கல்வெட்டில் தன் பெயரை முதலிலும் அவர் பெயரை இரண்டாவதாகவும் போட வைத்த பிறகுதான் இவருக்குத் தூக்கம் வந்தது.

இப்போது சாயக்கழிவை ஓடையில் விடுவதாக மகுடேஸ்வரன் மேல் புகார். பிடிபட்டால் பட்டறைக்குச் சீல். விசாரிக்க வரும் சட்டமன்றக் குழுவின் தலைவரோ அதே கட்சி எம்.எல்.ஏ. கன்னையன். புகாரை ஊற்றி மூடிவிடுவார் என்று ஊரே பேசியது. மழை பெய்தால் பழனிமுத்துவும் ஓடையில்தான் திறந்துவிடுவார். ஆனால் அவர் மேல் யாரும் புகார் கொடுக்கவில்லையே! சகலை தப்பிப்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

கல்வெட்டைப் படம் பிடித்து வந்தார். மகள் தரணி பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"மேல இருக்கற உங்க பேரை வெட்டிட்டுப் பிரிண்ட் எடுக்கட்டுங்களாப்பா? நமக்கெதுக்குங்க வம்பு?"

"என் பேரை வெட்டறதா? அப்பறம் அவந்தான் மொதல் ஆளுன்னு நெனைச்சுக்குவாங்க கண்ணு. முழுசா எடு."

விசாரணையன்று மகுடேஸ்வரனும் வந்திருந்தார். பழனிமுத்து எழுந்து படத்தை நீட்டினார்.

"ஏனுங்க, நன்கொடை வாங்குன கட்சிக்காரரே விசாரிச்சா நாயமுங்களா?"

கன்னையன் முகம் கறுத்தது. வாசலில் பத்திரிகைக்காரர்கள் நின்றதால் வேறு வழியில்லாமல் ஒதுங்கிக்கொண்டார். விசாரணை எதிர்க்கட்சி உறுப்பினர் கண்ணம்மாள் கைக்கு வந்தது. பழனிமுத்துவுக்கு உச்சி குளிர்ந்தது.

கண்ணம்மாள் படத்தை நிதானமாகப் படித்தார்.

"ரொம்ப நன்றிங்க. நன்கொடை குடுத்த பட்டறை எல்லாத்தையும் பார்த்துரலாமுங்க. கல்வெட்டு வரிசைப்படியே போலாம். இன்னைக்கு மொதல் பேரு. ரெண்டாவது பேரு நாளைக்கு."

காலையில்தான் நல்ல மழை பெய்திருந்தது. பழனிமுத்துவின் பட்டறைக் குழாய் இன்னும் ஓடைப் பக்கம் திறந்தே கிடந்தது.

பழனிமுத்து திரும்பிப் பார்த்தார். மகுடேஸ்வரன் போனைக் காதில் வைத்து, ஆட்களுக்கு ஏதோ உத்தரவு போட்டபடி வேகமாகப் படியிறங்கிக்கொண்டிருந்தார். தன் பட்டறை போகப்போகிற அந்த நேரத்திலும் பழனிமுத்துவுக்கு வயிறு எரிந்தது. அவனுக்கு ஒரு நாள் இருக்கிறது.