மாதம்மாள் காத்த பூ

1

மாதம்மாள் ஓடினாள். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கோடை மழையில், காப்பிச் செடிகளுக்கிடையே சேறு தெறிக்க ஓடினாள். புதருக்குள் யாரோ நிற்கிறார்கள்!

(வாரப் பத்திரிகைக்கு இப்படி ஆரம்பித்துத்தான் எனக்குப் பழக்கம். யாராவது ஓட வேண்டும். ஆனால் இந்த ஓட்டம் நிஜம். 1974இல், கொட்டச்சேட்டில், மலைமேல் ஒரு காப்பி எஸ்டேட்டின் விருந்தினர் அறை ஜன்னல் வழியாகப் பார்த்தது. தொடர்கதை எழுத அங்கே தங்கியிருந்தேன். அந்தக் கதை முடிந்துவிட்டது. இதுதான் முடிய மாட்டேன் என்கிறது.)

புதருக்குள் நின்றவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் பெருமாள்.

"ஏனுங்க ரைட்டரே, காலை எடுங்க! பூ இருக்குதுங்க!"

"இதா பூ? காஞ்ச குச்சியாட்ட இருக்குது. இதுக்கா இந்த ஓட்டம் ஓடியார?"

"உங்களுக்குக் குச்சிங்க. எனக்கு ஊடு."

2

விளக்கிவிடுகிறேன். அந்தப் புதர்க்காட்டை அழித்துக் காப்பி வைப்பதாக இருந்தார்கள். அதன் ஓரத்தில்தான் மாதம்மாளின் வீடு. காடு போனால் வீடும் போகும். சித்திரையில் கல்லூரி ஆசிரியர் கோவிந்தராஜ் வந்து, தரையில் முளைத்திருந்த ஒரு சின்ன ஆர்க்கிட்டைக் கண்டுபிடித்தார். இலையே இல்லாத தண்டு, நுனியில் தலைகுனிந்த வெளிர்பச்சைப் பூ. முதலாளி செடிப் பித்தர். "ஆடியில் நீங்கள் திரும்பி வரும்போது இந்தச் செடி இருந்தால் காட்டைத் தொடமாட்டேன்" என்றார்.

ஆசிரியர் முதலாளியோடு ஒரு மணி நேரம் இங்கிலீஷில் பேசினார். மாதம்மாளிடம் பேசியது ஒரே வார்த்தை: "பத்திரம்."

அவள் பக்கத்தில் குச்சி நட்டுக் காவல் காத்தாள். பத்து நாளில் பூ வாடியது. "போனாப் போகுதுங்க, வேரு உள்ள இருக்குமல்ல" என்று காவலைத் தொடர்ந்தாள்.

* ஒரு குறிப்பு: களை பறிப்பதில் அவளை மிஞ்ச அந்த எஸ்டேட்டில் ஆளில்லை. வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, வேர் வானம் பார்க்கப் பாறைமேல் கவிழ்த்துவிடுவாள். எவ்வளவு மழை பெய்தாலும் மறுபடி பிடிக்காது.

3

செடி காணாமல் போகும் இந்த இடத்தில் ஒரு வில்லன் வேண்டும்.

'ஆனி மாதத்து மாலை. ரைட்டர் பெருமாள் கையில் அரிவாளோடு—'

இல்லை. அவர் கையில் இருந்தது குடை. அதோடு, மாதம்மாளுக்கே சொல்லாமல் அந்த இடத்தைச் சுற்றி முள் வெட்டிப் போட்டவர் அவர். வில்லனுக்கு லாயக்கில்லாத மனிதர்.

'காட்டுப்பன்றி ஒன்று உறுமிக்கொண்டே—'

தொடர்கதையில் எட்டு வாரம் சந்தேகப்பட வைத்துவிட்டுப் பன்றியைக் காட்டினால் நீங்களே என்னை அடிக்க வருவீர்கள்.

குழம்புகிறேன். குற்றம் இருக்கிறது, குற்றவாளியைக் காணோம். [இந்த வாக்கியம் பொய். பிறகு திருத்த வேண்டும்.]

4

ஆடியில் கோவிந்தராஜ் வந்தார். நானும் பெருமாளும் கூடப் போனோம். குச்சிக்கருகே பெருக்கிவிட்டது போல வெறும் மண்.

"இலை எங்கம்மா?"

"அதுக்கு ஏதுங்க எலை? மொட்டைத் தண்டுதானுங்களே."

"பூ போன பிறகுதாம்மா இலை வரும். ஒண்ணே ஒண்ணு. வட்டமா, தரையோட ஒட்டி. பூவும் இலையும் சேர்ந்து இருக்கவே இருக்காது."

மாதம்மாளின் கண்கள் பாறைக்குப் போயின. அங்கே சுருண்டு காய்ந்த ஒரு வட்ட இலை, சுண்டைக்காய் அளவுக் கிழங்கோடு கவிழ்ந்து கிடந்தது. பிறகு அவள் என்னைப் பார்த்தாள்.

"ஆடு மேஞ்சிருச்சுங்க" என்றாள்.

"எந்த ஆடு? உங்கிட்ட ஏது ஆ—" என்று ஆரம்பித்த பெருமாள், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

5

முடிவு ஒன்று: அந்தக் கிழங்கை மறுபடி நட்டாள். அடுத்த சித்திரையில் பூத்தது, வீடு தப்பியது.

முடிவு இரண்டு: கிழங்கு பிடிக்கவில்லை. ஐப்பசிக்கு முன்பே கூரையைப் பிரித்துவிட்டார்கள்.

எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் முதல் பஸ்ஸில் அடிவாரம் இறங்கியவன், மறுபடி மலையேறவில்லை. நீங்களே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவள் ஏன் என்னைப் பார்த்தாள் என்பதை உங்களிடம் விட்டுவிட முடியாது.

ஆனி மாதம் நான் அதே பாறையில் உட்கார்ந்து பதினெட்டாம் அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தேன். மறுநாள் தபாலில் போயாக வேண்டும். குச்சியருகே குந்தியிருந்த மாதம்மாள் கேட்டாள்:

"ஏனுங்க சார், நாலும் படிச்சவீங்க. புதுசா ஒரு எலை வந்திருக்குதுங்க. இது களைதானுங்களே? புடுங்கிப் போடட்டுங்களா?"

காகிதத்திலிருந்து தலை நிமிராமல் சொன்னேன்:

"ஆமா. புடுங்கிடு."