கம்பியில் வந்த இரைச்சலும் நரையான் தீவும்

நரையான் தீவு கடலில் தன் இடத்திலேயே நிற்பதற்குக் காரணம், தினமும் காலையில் தீவிலிருந்து ஒருவர் 'இருக்கிறேன்' என்று வானொலியில் சொல்வதும், 'கேட்டது' என்று கரையிலிருந்து ஒருவர் பதில் சொல்வதும்தான். தீவிலிருந்து சொல்பவர் கலங்கரை விளக்கத்துக் காவலாளி மெல்கியோர். சங்குத்தோப்புக் கரையிலிருந்து பதில் சொல்பவள் பிரகாசி. ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். மொட்டைமாடியில் ஏரியல் கட்டி, முறையாக உரிமம் வாங்கி, பொழுதுபோக்காக வானொலியில் பேசுகிறவள். இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை.

"இங்கதான் இருக்கேன் தங்கச்சி. கேக்குதா? ஓவர்" என்பார் மெல்கியோர்.

"கேக்குதுண்ணே. தெளிவு அஞ்சு, பலம் மூணு. அங்கேயே இருங்க. ஓவர்" என்பாள் பிரகாசி.

அவ்வளவுதான் பேச்சு. வானொலியில் பேசுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எதிராளியின் குரல் எப்படிக் கேட்கிறது என்பதை உள்ளது உள்ளபடி சொல்லிவிட வேண்டும். தெளிவுக்கு ஐந்து வரை, பலத்துக்கு ஒன்பது வரை. முகதாட்சண்யத்துக்காகக் கூட்டிச் சொல்வதில்லை. இன்னொரு வழக்கமும் உண்டு. தன் பேச்சு முடிந்தது என்று ஓவர் சொன்ன பிறகு ஒரு மூச்சு நேரம் சும்மா இருப்பது. யாருக்காவது அவசரமாகக் குறுக்கிட வேண்டியிருந்தால், அந்த இடைவெளி அவர்களுக்கு.

சித்திரை மாதம், கரண்டுக் கம்பி வழியாகவே இணையம் தருகிற கம்பெனி ஊருக்குள் வந்தது. பிளக்கில் செருகினால் படம் ஓடியது. பிரகாசிக்கு அதில் பொறாமை ஒன்றும் கிடையாது. ஆனால் தெருக்கம்பிக்கு மேலுறை இல்லை பாருங்கள், உள்ளே ஓடுவது வெளியே சிந்தத்தான் செய்யும். சிந்தியதெல்லாம் ஒன்றுகூடி ஓர் இரைச்சலாகி, மெல்கியோர் பேசுகிற அலைவரிசையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. கொஞ்ச நாள் அவர் குரல் அடைமழைக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடுவதுபோலக் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

பதில் கிடைக்காத தீவு நகரத் தொடங்கியது.

தீவுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகும் படகுக்காரர் சிலுவைதாசன் ஐஸ் கம்பெனி வாசலில் வந்து சொன்னார். "யக்கா, தீவு நேத்து இருந்த இடத்துல இல்ல. தேடிப் புடிச்சுத்தான் குடத்தை இறக்குனேன். இப்படியே கிழக்கால போச்சுன்னா ஆழத்துக்குப் போயிரும். அப்புறம் நம்ம படகு எட்டாது."

"அண்ணன் எப்படி இருக்காரு?"

"அவருக்கென்ன, நல்லாத்தான் இருக்காரு. உங்களுக்கு உடம்புக்கு ஏதும் முடியலையோன்னு கேட்டாரு."

அதைக் கேட்ட பிறகு பிரகாசிக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனியிடம் போய்ச் சொன்னாள். இரைச்சல் என்று ஒன்று இல்லவே இல்லை என்றார்கள். 'கரைமுரசு' நாளிதழுக்குச் சொன்னாள். நிருபர் இசக்கிராஜா வீட்டுக்கே வந்தார். கலர் குடித்தார். ஹெட்போனைக் காதில் மாட்டி இரைச்சலைக் கேட்டு, பலமாகத் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் செய்தி வந்தது: 'பிளக்கிலேயே உலகம்! துளி இரைச்சலும் இல்லை என்கிறது நிறுவனம். வானொலியில் பாட்டுக் கேட்கும் சில முதியவர்கள் மட்டும் புதுமையைக் கண்டு அஞ்சுகிறார்கள்.' பக்கத்தில் யாரோ ஒரு பெரியவரும் ஒரு டிரான்சிஸ்டரும் சேர்ந்து நிற்கிற படம்.

பிரகாசிக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு.

அன்று காலையும் அவள் மைக்கின் முன் உட்கார்ந்தாள். இரைச்சல் மட்டுமே இருந்தது. இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், இதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு குரல் காதில் விழுந்தால், அது எப்படிக் கேட்கிறது என்று சொல்லாமல் விடுவது மரியாதை இல்லை.

"அலைவரிசையில இருக்கிறவருக்கு. பலம் ஒன்பது. தெளிவு ஒண்ணு. ஓவர்" என்று சொல்லி, ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தாள்.

இரைச்சல் அந்த இடைவெளிக்குள் வந்து நின்றது. கம்பியில் ஓடும் பேச்சுகளில் அதற்கு நன்றாகப் படிந்தது வாடிக்கையாளர் சேவைக்காரர்களின் பேச்சுத்தான்.

"வணக்கம் மேடம். தங்கள் மதிப்பீட்டிற்கு மிக்க நன்றி. இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. என் குரல் கேட்கிறதா?"

"ரொம்பவே கேக்குது."

"பேப்பரில் நான் இல்லை என்று போட்டிருக்கிறார்கள் மேடம்."

"என்னைக் கிழவின்னு போட்டிருக்கான்."

"சிரமத்திற்கு வருந்துகிறோம்."

பிரகாசி தீவைப் பற்றிச் சொன்னாள். "நீங்க உக்காந்திருக்கது எங்கண்ணன் இடம். கொஞ்சம் எந்திரிச்சுத் தந்தா நல்லது."

"தகவலுக்கு நன்றி மேடம். எழுந்திருக்க எனக்கும் விருப்பம்தான். ஆனால் இல்லாத ஒன்று எப்படி எழுந்திருக்கும்?"

பேச்சு நியாயமாகப் பட்டது. பேட்டரி ரேடியோவை ஒயர் கூடையில் வைத்தாள். இரைச்சல் அதில் ஏறிக்கொண்டது. ஸ்கூட்டியில் முன்னால் கூடையை மாட்டிக்கொண்டு பத்திரிகை ஆபீசுக்குப் போனாள். மாடியில் இசக்கிராஜா கூடைக்கும் சேர்த்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மூன்று டீ சொன்னார்.

"கம்பெனிக்காரங்க நேர்ல வந்து இல்லைன்னாங்க, எழுதினேன். நீங்க நேர்ல வந்து இருக்கேன்னு சொன்னா அதையும் எழுதுவேன்" என்றார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க வானொலிக்காரங்க சங்கத்துல இருந்து வந்த விளக்கம் பூரா எண்ணும் சட்டமுமா இருந்துச்சு. அதுல ஒரு ஆளு இல்ல."

"நேரில் வந்திருக்கிறேன் சார்" என்றது இரைச்சல்.

"வயசு என்ன போட?"

"சித்திரையில் பிறந்தேன்."

"அப்ப இளைஞர்" என்று எழுதிக்கொண்டார் இசக்கிராஜா. பிரகாசி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் டீயைப் பார்த்தார்.

மறுநாள் கடைசிப் பக்கத்தில் மீன் விலைக்குக் கீழே திருத்தம் வந்திருந்தது: 'இரைச்சல் இல்லை என்ற செய்தி தவறு. இரைச்சல் உள்ளது. இளைஞர். நேரில் வந்திருந்தார்.'

பிரகாசி அதை உரக்க வாசித்துக் காட்டினாள். இரைச்சல் நன்றி சொல்லி எழுந்து ஓரமாக நின்றது. அலைவரிசை துடைத்துவிட்டதுபோல ஆனது. ஆனால் மெல்கியோர் குரல் இல்லை. "அண்ணே, இருக்கீங்களா? ஓவர்" என்று கேட்டுக் கேட்டு அவள் தொண்டை கட்டிவிட்டது. தீவு அவ்வளவு தூரம் போயிருந்தது. இன்னும் ஒரு நாள் போனால் ஆழம்.

"மேடம்" என்றது ஓரத்திலிருந்து இரைச்சல். "ஊர்க்கம்பி முழுக்க எனக்குக் காதுதான். அவர் பேசுவது எனக்குக் கேட்கிறது. இணைப்பை மாற்றித் தரட்டுமா?"

"குடுங்க. புண்ணியமாப் போகும்."

"லைனில் இருங்கள்."

சங்குத்தோப்பில் எத்தனை பிளக் உண்டோ அத்தனையிலும் மெல்கியோர் பேசினார். மிக்சியில் பேசினார், இஸ்திரிப் பெட்டியில் பேசினார், ஐஸ் கம்பெனியின் பெரிய மோட்டாரில் பேசினார். "இங்கதான் இருக்கேன் தங்கச்சி. கேக்குதா? ஓவர்."

சட்னி அரைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்தார்கள். கேட்கிறதா என்று ஒரு மனிதர் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? "கேக்குது, கேக்குது" என்றார்கள். சலூனில் பாதி முகம் சவரம் செய்தவரும் சொன்னார். 'அங்கேயே இருங்க' என்று முடிக்க வேண்டும் என்பது பிரகாசியைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆகவே அவர்கள், வாசலுக்கு வந்த எவருக்கும் சொல்வதைத்தான் சொன்னார்கள். "வாங்க, வாங்க!"

மத்தியானத்துக்குள் தீவு வந்துவிட்டது. மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றது. சிலுவைதாசன் அதை ஐஸ் கம்பெனித் தூணில் கட்டினார். மெல்கியோர் வேட்டியைத் தூக்கிப் பிடித்து இறங்கி, விசாரித்துக்கொண்டே பிரகாசி வீட்டு வாசலுக்கு வந்தார்.

"தெளிவு அஞ்சு, பலம் ஒன்பது" என்றார்.

பிரகாசி ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தாள். பிறகுதான் "உள்ள வாங்கண்ணே" என்று சொல்ல வந்தது.

"நீ பதில் சொல்லாத நாளும் நீ கேட்டுட்டுத்தான் இருப்பன்னு தெரியும் தங்கச்சி. நல்லா இரு" என்று சொல்லிவிட்டு, மெல்கியோர் இரண்டாம் முறையும் குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். பிரகாசி தெருக்கம்பியை அண்ணாந்து பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் 'கரைமுரசு' சொன்னது: 'சங்குத்தோப்புக்குத் தீவு வந்ததாகப் பரவுவது வதந்தி.' கலங்கரை விளக்கத்தின் நிழலில் உட்கார்ந்துதான் இசக்கிராஜா அதை எழுதியிருந்தார். "தீவு ஆபீசுக்கு நேர்ல வந்து சொல்லட்டும், திருத்தம் போட்டுருவோம்" என்றார்.

"அதுக்கு மாடி ஏற வராது" என்றார் மெல்கியோர்.

அன்று காலையும் பிரகாசி பழக்கத்தில் மைக்கின் முன் உட்கார்ந்தாள். மெல்கியோர் பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். இரைச்சல் ஓரமாக நின்றது. அப்போது வெகு தூரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"இங்கதான் இருக்கேன். கேக்குதா? ஓவர்."

மெல்கியோர் தம்ளரைக் கீழே வைத்தார். "தீவு இருந்த இடம்" என்றார். "பாவம், தனியாக் கிடக்கு. பதில் சொல்லு தங்கச்சி."

"கேக்குது" என்றாள் பிரகாசி. "தெளிவு அஞ்சு, பலம் மூணு. அங்கேயே இருங்க. ஓவர்."