கப்பற்காரன் கொண்டுவந்தது

எழுபத்துநாலாம் ஆண்டு. கப்பலில் வேலை செய்யும் ஆழ்வாப்பிள்ளை விடுமுறையில் வீடு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவன் மனைவி பத்மாசினிக்கு வெள்ளைபடுதலும் அடக்கமுடியாத அரிப்பும் தொடங்கிவிட்டன.

தொண்டைமானாற்றில் கப்பற்காரரின் பெண்சாதிமார் ஆண்கள் வெளியூர்ப் பெண்களிடம் போய்த் தொற்றிக்கொண்டு வரும் துறைமுகத்து நோயைப் பற்றி வாய்க்குள்தான் பேசுவார்கள். அவன் குளிக்கப் போன நேரம் பத்மாசினி அவனுடைய பெட்டியைக் கிளறினாள். வாசனைச் சவர்க்காரக் கட்டிகளும் மகளுக்கு வாங்கிய சட்டையும்தான் இருந்தன. ஒன்றும் அகப்படாதது அவளுடைய சந்தேகத்தைக் கூட்டியது. ஒளித்துவிட்டான் என்று நினைத்தாள். தன் பாயை மகளின் அறைக்கு மாற்றினாள்.

தான் கடலில் இருந்த காலத்தில் இங்கே என்ன நடந்ததோ என்று ஆழ்வாப்பிள்ளையும் அவளை ஒருமாதிரியாகப் பார்க்கத் தொடங்கினான்.

கிருமிநாசினி கலந்த நீரால் நாளுக்கு இருமுறை கழுவினாள். எரிச்சல்தான் கூடியது. கடைசியில், அக்காவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறி யாழ்ப்பாணத்தில் டொக்டர் றோஸிடம் போனாள்.

டொக்டர் பரிசோதித்து, எடுத்ததைக் கண்ணாடித்துண்டில் தடவி நுணுக்குக்காட்டியில் பார்த்தார்.

"இது பூஞ்சணம், பிள்ளை. கிட்டடியிலை என்ன மருந்து எடுத்தனீங்கள்?"

"காலிலை மட்டிச்சிப்பி வெட்டின புண்ணுக்கு அவர் கப்பலாலை கொண்டந்த குளிசை. ரண்டு கிழமை."

"அதுதான். பெண்ணின்ரை உடம்பிலை காவலுக்கு நல்ல கிருமியளும் இருக்கு. பாலைத் தயிராக்கிற கிருமியின்ரை சாதி. குளிசை புண்ணிலை இருந்த கெட்ட கிருமியோடை அதுகளையும் அழிச்சுப்போட்டுது. பூஞ்சணம் பெருகிட்டுது. இனி நீங்கள் சொன்ன உந்தக் கிருமிநாசினிக் கழுவலையும் விடுங்கோ."

கிருமியில் நல்லதும் இருக்குமா? குடும்பம் பிரியக்கூடாதென்று டொக்டர் மழுப்புகிறாரோ என்று பத்மாசினிக்குப் பட்டது.

"அவராலை வந்ததில்லையெண்டு சத்தியமாச் சொல்லுங்கோ."

"இரத்தமும் எடுத்துப் பாப்பம். முடிவை நீங்களே வாசியுங்கோ."

"அப்ப தயிர் சாப்பிட்டால் மாறுமோ?"

"சாப்பிடுங்கோ. ஆனால் மாத்துறது நான் தாற மருந்துதான்."

இரத்தத்தில் ஒன்றுமில்லை. பத்து நாளில் சுகமும் வந்தது. அன்று பின்னேரம் கணவனுக்கு எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் அவள் பக்கம் திரும்பினான். "அப்ப இவ்வளவு நாளும் என்னை என்னெண்டு நினைச்சனீர்?"

"நீங்கள் என்னை என்னெண்டு நினைச்சனீங்களோ, அப்பிடித்தான்."

அவன் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு இருவரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. முன்பெல்லாம் வாசற் படலையோடு நின்றுவிடுகிறவள், அடுத்தமுறை அவன் கப்பலுக்குப் புறப்பட்டபோது யாழ்ப்பாணம் ஸ்ரேசன்வரை கூடப் போனாள்.